சைக்கிள் ஸ்டாண்ட் ஓர் ஊடகம்

பதினைந்து பிள்ளைகள் படித்தால்தான் தமிழ் வாத்தியாருக்கு வேலை என்பது கம்பெனி விதி. 1983 ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது பதினான்கு பேர் இருந்தார்கள். பதினைந்தாவது பையனின் அப்பாவுக்கு மே மாதமே ராஞ்சிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. லாரியில் கட்டிலையும் அண்டாவையும் ஏற்றும்போது தமிழ் வாத்தியார் எபனேசர் அந்த வீட்டு வாசலில் போய் நின்று பார்த்தார். தடுக்கிற அதிகாரம் அவருக்கு இல்லை. கயிறு பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தார்.

சிக்கந்திராபாத் பக்கம் உப்பலைத் தாண்டி இருந்த அந்தத் தொழிற்சாலை மத்திய அரசுடையது. இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றி, ரயில் பெட்டிக்கும் சுரங்கத்துக்கும் வேண்டிய உறுப்புகளைச் செய்தார்கள். நாலாயிரம் பேர், மூன்று ஷிப்டு. அந்த நாலாயிரம் பேருக்கு ஒரு டவுன்ஷிப், டவுன்ஷிப்புக்கு ஒரு பள்ளிக்கூடம். அதன் ஹெட்மிஸ்ட்ரஸ் ருக்மிணி அம்மாள் ஜூலை முதல் வாரம் எபனேசரைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமலே விஷயத்தைச் சொன்னார்.

"சார், நீங்க இப்ப உபரி."

எபனேசர் ஏழு வருஷமாகத் தற்காலிகம். அவருடைய அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் பாய்லருக்குள் இறங்கி வேலை செய்து காது கேட்காமல் போனவர். மகனாவது சட்டையில் கரி படாமல் சம்பாதிக்கட்டும் என்று படிக்கவைத்தார். சட்டையில் கரி படவில்லை என்பது உண்மை.

"ஒரு வழி இருக்கு," என்றார் ருக்மிணி அம்மாள். "இது தகவல் தொடர்பு ஆண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஊடகக் கல்வின்னு ஒரு பாடம் சோதனையா நடத்தச் சொல்லி டெல்லியிலருந்து வந்திருக்கு. எடுக்க யாரும் ஒத்துக்கல. மார்ச் மாசத்துக்குள்ள பாடம் வெற்றின்னு ரிப்போர்ட் போச்சுன்னா உங்களை நிரந்தரம் பண்ணிடுவாங்க. போகலன்னா ஏப்ரல்ல குவார்ட்டர்ஸ் சாவியைக் குடுத்துடணும்."

"அது என்ன பாடம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சவர் பேகம்பேட்ல இருக்கார். நாளைக்குப் போய்ப் பாருங்க."

கம்பெனியின் பேகம்பேட் தலைமை ஆபீஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில், குளிரூட்டிய அறையில் இருந்தது. அங்கே இரும்பின் வாசனை கிடையாது. தலைமை மக்கள் தொடர்பு மேலாளர் அனந்தராமன், உருகிய இரும்பைக் கடைசியாகப் பார்த்தது திறப்பு விழாவில், ரோஜா மாலையோடு. இப்போது சுவரில் இருந்த கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துக்கொண்டிருந்தார்.

"அனுப்புநர், செய்தி, ஊடகம், பெறுநர். அவ்வளவுதான் எபனேசர், இந்த சயன்ஸ். அனுப்புநர் நாம. பெறுநர் அவா. நடுவுல குறுக்க வர்றதுக்கெல்லாம் பேர் இரைச்சல்."

தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அது போகும்வரை அனந்தராமன் வாயை மூடி, விரலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"நம்ம வாழ்க்கையில இரைச்சலே இருக்கப்படாது."

"பெறுநர் திருப்பி எதையாவது சொன்னா சார்?"

"அதுக்குப் பேர் எதிர்வினை. ரொம்ப முக்கியம். அதை நாங்க முன்கூட்டியே வாங்கி வெச்சுண்டுடுவோம். செய்தி அனுப்பினப்பறம் எதிர்வினை வந்தா சரிப்படுத்த நேரமிருக்காது பாருங்கோ." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். 'இன்றைய பாடம் எனக்கு முழுவதும் புரிந்தது' என்று அச்சடித்து, கீழே பெயர், கையெழுத்து, தேதி. மூன்று பிரதிகள். "வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையெழுத்து வாங்கிடுங்கோ. அப்பறம் நிம்மதியா நடத்தலாம்."

எபனேசர் நிம்மதியாக இல்லை. ஆனால் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் நாற்பத்தொரு பேர். தெலுங்கு, உருது, ஒரியா, தமிழ் என்று வீட்டுக்கு ஒரு பாஷை. வகுப்பில் எல்லாம் கலந்த ஒரு பாஷை. முதல் நாள் எல்லோரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள். எபனேசர் நாலு கட்டம் போட்டு அம்புக்குறி இழுத்தார். இரண்டாம் வாரம் ஒரு படிவத்தில் மட்டும் 'முழுவதும்' என்பதை அடித்து, மேலே சின்னதாக 'பாதி' என்று எழுதியிருந்தது. மூன்று பிரதிகளிலும் அடித்திருந்தது. எழுதியவள் வேதா. உருக்கு உலையில் வேலை செய்யும் நாராயணசாமியின் மகள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, ஆளைப் பார்த்தால் சொல்பேச்சுக் கேட்கிற பெண் மாதிரி இருப்பாள்.

பிள்ளைகள் கம்பெனி ஊழியர்கள் இல்லை. அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை. ஆகவே மெமோ அப்பாவுக்குப் போனது.

நாராயணசாமி பகல் ஷிப்டு முடிந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வடஆற்காட்டுக்காரர். கையிலும் முன்கையிலும் உருக்குத் தெறித்த தழும்புகள், அம்மை போட்ட மாதிரி. காகிதத்தை அழுக்காகாமல் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்திருந்தார்.

"இன்னா வாத்தியாரே, எம் பொண்ணுக்குப் பாதிதான் புரிஞ்சுதாமே. மூணு நாள்ல விளக்கம் குடுக்கணுமாம் நானு."

"பார்த்தேன்."

"எந்தப் பாதி புரியலன்னு கேட்டுக்கிறாங்க. நான் எட்டாவது ஃபெயிலு. எனக்கு முழுசுமே புரியல. அதையும் எழுதணுமா?"

"எழுதாதீங்க."

"பின்ன இன்னா எழுதறது? நீயே எழுதிக் குடு. மூணு வருசமா இன்கிரிமென்ட் நிக்குது, இதுல இது வேற."

எபனேசர் எழுதிக் கொடுத்தார். 'வீட்டுச் சூழலில் ஏற்பட்ட இரைச்சல் காரணமாக என் மகளுக்குப் பாதி மட்டும் புரிந்தது. இனி இரைச்சல் ஏற்படாது என உறுதி கூறுகிறேன்.' நாராயணசாமி எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எங்க ஊட்ல யாரும் சத்தம் போட மாட்டமே."

"இருக்கட்டும். இப்படித்தான் எழுதணும்."

விளக்கம் ஏற்கப்பட்டது. 'எச்சரித்து விடப்படுகிறார்' என்று ஃபைலில் எழுதி மூடினார்கள். அன்றிலிருந்து நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் எல்லாப் பாடமும் முழுவதும் புரிந்தது. சில நாள் எபனேசர் காய்ச்சலில் லீவு போட்டார். அந்த நாட்களிலும் புரிந்தது.

நவம்பரில் பாடத்திட்டத்தின் ஆறாம் அலகு வந்தது. 'நம் சுற்றுப்புறத்தில் உள்ள ஊடகங்கள்: மாணவர் கள ஆய்வு.' ஐம்பது மதிப்பெண். செய்தி நமக்கு எந்தெந்த வழிகளில் வருகிறது என்று எபனேசர் கேட்டார். ரேடியோ என்றார்கள். கிளப்பில் இருக்கிற டிவி என்றார்கள். வெள்ளிக்கிழமைதோறும் கம்பெனி வெளியிடும் செய்திமடல் என்றான் ஒருவன், அதைச் சொன்னால் மெமோ வராது என்கிற தைரியத்தில்.

வேதா எழுந்து நின்றாள்.

"சைக்கிள் ஸ்டாண்ட், சார்."

யாராவது சிரிப்பார்கள் என்று எபனேசர் எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

"சைக்கிள் ஸ்டாண்ட் எப்படிம்மா ஊடகமாகும்?"

"சங்கு நீளமா ஊதினா ஃபேக்டரில அடி பட்டிருக்குன்னு அர்த்தம் சார். அம்மாங்க எல்லாம் மெயின் கேட் ஸ்டாண்டுக்குப் போயிருவாங்க. உள்ள கேட்டா சொல்ல மாட்டாங்க. ஷிப்டு விட்டு ஆளுங்க வந்து அவங்கவங்க சைக்கிளை எடுத்துட்டுப் போவாங்க. கடைசியா எது நிக்குதோ, அது."

"யாருதுன்னு எப்படித் தெரியும்?"

"ஹேண்டில்ல துணி கட்டியிருக்கும் சார். எங்கப்பாது மஞ்சள்."

அதற்குப் பிறகு யாரையும் எழுப்பவேண்டியிருக்கவில்லை. எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் டவுன்ஷிப் டிஸ்பென்சரி, பயமில்லை. வலது பக்கம் திரும்பினால் சிட்டி ஆஸ்பத்திரி. ஃபேக்டரிக்குள் எந்தப் பட்டறை ஷாப்புக்குப் போன டீ கேன் குறையாமல் திரும்பி வருகிறதோ அங்கேதான் ஆகியிருக்கிறது. வெல்ஃபேர் ஆபீசர் ஜீப்பில் தனியாக வந்தால் கை கால் போயிருக்கிறது. "லேடி கிளார்க்கையும் கூட்டிக்கிட்டு வந்தா செத்துட்டாங்க சார்," என்றான் பின் பெஞ்சில் ஒருவன், வாய்ப்பாடு ஒப்பிக்கிற குரலில். "வீட்டுல அழுதா பிடிச்சுக்கறதுக்கு லேடி வேணும்ல."

அந்த வருஷத்திலேயே முதல் முறையாக எபனேசர் கடிகாரத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தினார். அனுப்புநர் யார், பெறுநர் யார், சொல்லாத செய்தி எப்படிச் செய்தியாகிறது, நடுவே யார் எதைத் தடுக்கிறார்கள் என்று பிள்ளைகளே பிரித்துச் சொன்னார்கள். புத்தகத்தில் இருந்த கோட்பாடெல்லாம் அவர்களுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. பெயர்தான் தெரியாது.

நாற்பத்தொரு கட்டுரைகளும் வந்தன. வேதாவுடையதில் நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'மார்ச் மாதம் உலையில் நடந்த விபத்தில் இருவருக்குச் சிறு காயம் என்று செய்திமடல் சொன்னது. ஸ்டாண்டில் மூன்று சைக்கிள்கள் நின்றன. ஒன்று ஒன்பது நாள் நின்றது. பத்தாம் நாள் அவருடைய தம்பி வந்து, ஏறாமல் தள்ளிக்கொண்டு போனார்.'

எபனேசர் அந்தத் தாளை மூன்று தடவை படித்தார். ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு போட்டார். போட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டார்.

டிசம்பரில் ருக்மிணி அம்மாள் கூப்பிட்டார். "கள ஆய்வு நடந்ததுக்கு பேகம்பேட்ல அத்தாட்சி கேக்கறாங்க. கட்டுரையெல்லாம் அனுப்பிடுங்க."

"மார்க் லிஸ்ட் அனுப்பினாப் போதாதாம்மா?"

"ஏன், பசங்க எழுதலயா?"

"எழுதியிருக்காங்க."

"அப்ப அனுப்பறதுக்கு என்ன?"

சாயங்காலம் கட்டை வீட்டுக்கு எடுத்துவந்து மேஜையில் வைத்தார். மனைவி பியூலா இரண்டு கட்டுரை படித்தாள். மூன்றாவதைப் படிக்காமல் மூடினாள். அவளுடைய தம்பி ரூஃபஸ் உலையில்தான் இருந்தான். போன வருஷம் ஒரு தடவை சங்கு ஊதியபோது, எல்லோரும் போனபிறகும் ரூஃபஸின் சைக்கிள் அரை மணி நேரம் நின்றது. அவன் உள்ளே சாவகாசமாகக் குளித்துக்கொண்டிருந்தான். அந்த அரை மணி நேரத்தைப் பற்றி பியூலா இன்றுவரை அவனிடம் பேசியதில்லை.

"இதைக் குடுக்காதீங்க."

"பாடம் நடக்கலன்னு எழுதிருவாங்க பியூலா."

"எழுதட்டும்."

"எழுதினா ஏப்ரல்ல எங்க போறது?"

"சிக்கந்திராபாத்துக்குப் போவோம். டியூஷன் எடுங்க. ரெண்டு பேர் சாப்பிட என்ன வேணும்?"

"ஏழு வருஷம் நின்னாச்சு. இன்னும் மூணு மாசம்தான்."

"ஹவ், ஆமா, உங்களுக்கு மூணு மாசம். எங்களுக்கு இந்த ஒரு வழிதான் இருக்கு. உள்ள இருந்து ஒருத்தனும் வாயைத் திறக்க மாட்டான். நக்கோங்க, வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

எபனேசர் கேட்கவில்லை. ஆனால் யோக்கியமான மனிதர். கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு தாளிலும் மேலே இருந்த பெயரை வெட்டினார். நாற்பத்தொரு பெயர்களும் மேஜையில் சுருண்டு கிடந்தன. அவர்களைக் காப்பாற்றிவிட்டதாக அவருக்குத் தோன்றியது.

அனந்தராமன் அவர் முன்னாலேயே படித்தார். முதலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவர், நாலைந்து தாள் ஆனதும் நிமிர்ந்தார். ஒரு விமானம் இறங்கியது. படிப்பதை அவர் நிறுத்தவில்லை.

"பேரை வெட்டிட்டேளா?"

"சின்னப் பிள்ளைங்க சார். தெரியாம..."

"நல்ல காரியம் பண்ணினேள். பேர் இருந்தா நடவடிக்கை எடுக்கணும். நடவடிக்கை எடுத்தா எழுதினது நெஜமான்னு ஒருத்தன் கேப்பான். எங்களுக்கு ஆள் வேண்டாம், வழி தெரிஞ்சாப் போறும்." எழுந்து ஜன்னலருகே போனார். அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "இருபது வருஷமா மடல் போடறோம் எபனேசர். வழவழன்னு காகிதம், நாலு கலர். ஒருத்தனும் நம்பறதில்லை. ஏன்னு கமிட்டி போட்டோம். எழுத்து பொடியா இருக்குன்னு கமிட்டி சொல்லித்து. பெருசு பண்ணினோம். அப்பவும் நம்பலை. இப்பன்னா தெரியறது. நம்ம கேட்டு வாசல்லயே, நம்ம எடத்துலயே, எவனோ போட்டிப் பத்திரிகை நடத்திண்டிருக்கான். தெனம் மூணு பதிப்பு. ஒரு தப்பு கெடையாது."

"பத்திரிகை இல்ல சார். வீட்டுல இருக்கறவங்க பயத்துல போய் நிக்கறாங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரிஞ்சுக்கறா, பயப்படறா. தெரியலன்னா எதுக்குப் பயப்படப் போறா?" திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "ரொம்ப நல்ல பாடம் எடுத்திருக்கேள். உங்க விஷயத்தை நான் பார்த்துக்கறேன்."

ஜனவரியில் உத்தரவுகள் வரத் தொடங்கின.

முதலாவது, நீளச் சங்கு. தொழிற்சாலை இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு அது நிறுத்தப்பட்டது. உலைகளும் சம்மட்டிகளும் வழக்கம்போல் இயங்கின.

இரண்டாவது, ஆம்புலன்ஸ். கேன்டீன் வண்டியின் பச்சை நிறத்தில் அதற்குப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஆனதால் ஒரு வாரம் பெண்கள் சாம்பார் அண்டாவின் பின்னால் ஓடினார்கள். ஒருத்தி வண்டியை மறித்து, கதவைத் திறந்து பார்த்து, இட்லித் தட்டுகளின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அரசுச் சொத்தை மறித்த குற்றத்துக்கு அவள் புருஷனுக்கு மெமோ போனது.

மூன்றாவது, டீ. குடிக்காமல் மீந்த டீயை அந்தந்த ஷாப்பிலேயே கொட்டிவிட்டு, கேனைக் காலியாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

நான்காவது, லேடி கிளார்க். அவர் ஜீப்பில் வருவதற்கு ஒரு பொருள் இருக்கிறது என்பதுதானே சிக்கல். இனி அவர் தினமும் காலை பத்து மணிக்கு வெல்ஃபேர் ஆபீசரோடு ஜீப்பில் ஏறி, எல்லாத் தெரு வழியாகவும் காரணமில்லாமல் ஒரு சுற்று வர வேண்டும். அவர் அப்படியே வந்தார். முதல் நாள் ஏழு தெருவில் ஒன்பது பெண்கள் மயங்கி விழுந்தார்கள். மூன்றாம் வாரம் யாரும் விழவில்லை. திட்டம் வெற்றி என்று குறிப்பு எழுதப்பட்டது. லேடி கிளார்க்குக்கு மட்டும் ரத்தக்கொதிப்பு வந்தது.

கடைசியாக சைக்கிள் ஸ்டாண்ட். சுற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வைத்து ஆள் உயரத்துக்கு மேல் அடைத்தார்கள். ஹேண்டிலில் இருந்த துணியெல்லாம் அவிழ்க்கப்பட்டன. கேட்பாரற்று நிற்கும் சைக்கிளை ஷிப்டு விட்ட கால் மணி நேரத்தில் செக்யூரிட்டி ஆட்கள் உருட்டிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கிடங்கில் வைத்துவிட வேண்டும்.

எல்லா உத்தரவின் அடியிலும் ஒரு வரி இருந்தது. 'ஆதாரம்: டவுன்ஷிப் பள்ளி ஒன்பதாம் வகுப்பு, கள ஆய்வு.' அனந்தராமன் நேர்மையானவர். எடுத்த இடத்தைச் சொல்லாமல் எதையும் எடுத்தாள மாட்டார்.

நோட்டீஸ் போர்டில் எல்லோரும் படித்தார்கள். எபனேசர் ரேஷன் கடை வரிசையில் போய் நின்றால் முன்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சலூனில் நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டே ஒன்றும் கேட்காமல் சவரம் செய்தார். கழுத்துக்குக் கத்தி வரும்போது எபனேசருக்கு மூச்சு நின்று வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாராயணசாமி தபாலாபீஸ் முன்னால் எதிரே வந்தார்.

"எம் பொண்ணு ஒய்ங்கா எழுதியிருந்துச்சா வாத்தியாரே?"

"ரொம்ப நல்லா."

"எத்தினி மார்க்கு?"

"நாற்பத்தெட்டு."

"எத்தினிக்கு?"

"அம்பதுக்கு."

"ரெண்டு மார்க்கு ஏன் போச்சு?"

எபனேசருக்கு ஞாபகம் வரவில்லை. யோசித்துப் பார்த்தார், வரவேயில்லை. நாராயணசாமி பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, "செரி," என்று சொல்லிப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிப்ரவரி கடைசியில் டெல்லியிலிருந்து மூன்று பேர் பாடத்தை மதிப்பிட வந்தார்கள். அனந்தராமன் கோட்டுப் போட்டிருந்தார். ருக்மிணி அம்மாள் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்திருந்தார். எபனேசர் கரும்பலகையருகே சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயத்தில் அது இரண்டு துண்டாக உடைந்துவிட்டது. இரண்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளை, ஒரே ஒரு பிள்ளை, நவம்பரில் பேசிய மாதிரி பேசிவிட்டால் போயிற்று. பேசினால் நன்றாக இருக்கும் என்றும் எங்கோ ஒரு மூலையில் தோன்றியது. அதை உடனே அமுக்கினார்.

டவுன்ஷிப்பில் செய்திகள் எந்தெந்த வழிகளில் வருகின்றன என்று எழுதச் சொன்னார்கள். நாற்பத்தொரு பேரும் இரண்டு நிமிஷத்தில் எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்கள். நாற்பத்தொரு தாளிலும் ஒரே சொல். செய்திமடல்.

மூவரில் மூத்தவர் முன்வரிசையில் இருந்த வேதாவை எழுப்பினார். கனிவாகவே கேட்டார்.

"உங்க அப்பா எங்கேம்மா வேலை செய்யறார்?"

"உலையில சார்."

"அங்கே அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை மடல் வரும் சார்."

"அதுக்கு முன்னாடி?"

வேதா எபனேசரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கடையில் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அதுக்கு முன்னாடி எதுவும் ஆகாது சார்."

மூத்தவர் இன்னொரு முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பெறுநர் மனத்தில் அனுப்புநர் மேல் இத்தனை நம்பிக்கையை உண்டாக்கிய பாடத்தைத் தாம் வேறு எந்த நிறுவனத்திலும் பார்த்ததில்லை என்று பேசினார். இரைச்சல் அறவே நீங்கிய வகுப்பு என்றார். அனந்தராமன் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பத்தொரு பேரும் பெரியவர்கள் நிறுத்தும்வரை கைதட்டினார்கள்.

மார்ச் முப்பதாம் தேதி எபனேசரை நிரந்தரம் செய்து உத்தரவு வந்தது. பியூலாவிடம் காட்டினார். வாங்கிப் படித்து, மடித்து, பைபிளுக்குள் வைக்கப்போனவள், என்ன நினைத்தாளோ, பீரோவுக்குள் வைத்தாள். "நல்லது," என்றாள். அந்தச் சொல்லில் தப்பு ஒன்றும் இல்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம், ஒரு புதன்கிழமை. பள்ளி அரை நாள். எபனேசர் மத்தியானம் முன்னறையில் உட்கார்ந்து ஆண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கஷ்டமான வேலை இல்லை. எல்லாம் ஒரே விடை. சங்கு ஊதவில்லை. பச்சை வண்டி ஒன்று போயிற்று, சாம்பார் வண்டியாக இருக்கும். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேராக, மூன்று பேராக, ஓடாமல், பேசாமல். கேட்டுப் பக்கம் போகவில்லை. உப்பல் ரோட்டு பஸ் ஸ்டாப் பக்கம் போனார்கள். பியூலா உள்ளேயிருந்து வந்தாள். புடவை மாற்றியிருந்தாள். முகத்தில் பவுடர் இல்லை.

"எங்க போற?"

"வெளிய."

"ஃபேக்டரில ஏதாவது ஆச்சா?"

அவள் செருப்பை மாட்டினாள். வார் அறுந்திருந்தது, கட்டைவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"பியூலா, உங்களுக்கெல்லாம் யாரு சொன்னா? எப்படித் தெரிஞ்சுது?"

"சொன்னா எழுதி அனுப்பிருவீங்க," என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. காரணம் கேட்டார், காரணத்தைச் சொன்னாள். படி இறங்கிப் போனாள்.

எபனேசர் சிவப்பு மைப் பேனாவோடு வெளியே ஓடினார். முன்னால் போன பெண்கள் அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். வேதாவின் அம்மா சாந்தா அவர்களோடு இருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லீங்களே வாத்தியாரே. பஜாருக்குப் போறோம்."

முப்பது பெண்கள் பஜாருக்குப் போனார்கள். ஒருத்தி கையிலும் பை இல்லை.

சிட்டி ஆஸ்பத்திரி வழியாகப் போகும் சிக்கந்திராபாத் பஸ் வந்தது. ஏறினார்கள். யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்றுகூட முன்பே முடிவு செய்தது மாதிரி, யாரோ இருவருக்கு ஜன்னலோரம் விட்டு, அவர்களைச் சுற்றி மற்றவர்கள் நின்றார்கள். அந்த இருவரில் ஒருத்தி பியூலா. எபனேசர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். ரூஃபஸுக்கு இந்த வாரம் எந்த ஷிப்டு என்று அவருக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவனே சொல்லுவான். ஜனவரிக்குப் பிறகு அவன் வரவில்லை.

"ரூஃபஸா?"

பியூலா அவரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் நின்ற சாந்தா அவள் தோளில் கை வைத்தாள். பியூலா முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். எபனேசர் கம்பியை விடாமல் பஸ்ஸோடு பத்தடி நடந்தார், பிறகு ஓடினார், பிறகு விட்டுவிட்டார்.